கெட்டிக் காற்று

வானத்திலிருந்து ஒரு பொருளைக் கீழே போடுவதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். அது தானாகவே விழும். நாம் சொன்ன இடத்தில், உள்ளே இருப்பவர்களின் எலும்பு நொறுங்காமல் விழ வேண்டும் என்றால்தான் ஒரு பெரிய அலுவலகம், அதற்கு ஒரு தலைமைப் பொறியாளர், ஒரு தொழிற்சங்கம், ஒரு கைப்பந்துக் குழு எல்லாம் தேவைப்படுகின்றன. மாஸ்கோவுக்கு வெளியே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரில் அப்படி ஒரு அலுவலகம் இருந்தது. அங்கேதான் ரிம்மா இக்னாத்யெவ்னா வேலை பார்த்தாள்.

அவள் வேலை எடை போடுவது. காய்கறி எடை இல்லை. கோயில் மணி மாதிரி இருக்கும் அந்த இறங்குகலத்தின் மொத்தப் பாரமும் எந்த இடத்தில் குவிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது. பாரம் நட்டநடுவில் இருந்தால் கலம் நேராக வந்து கல்லாக விழும். பாரத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால் கலம் சற்றே சாய்ந்து வரும். சாய்ந்த உடம்பைக் காற்று கீழிருந்து தாங்கும். அந்தத் தாங்கலை வைத்துக்கொண்டு கலத்தை அப்படியும் இப்படியும் புரட்டினால், போகிற தூரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆக, எல்லாம் அந்தச் சாய்மானத்தில்தான் இருக்கிறது. நான்கு விரல் அகலம்தான் விஷயம். அதில் ஒரு விரல் போனால் போச்சு.

இதை ரிம்மா அளவுக்கு உணர்ந்தவர்கள் கிடையாது. எடை போடும்போது ஒரு மெக்கானிக் காதில் செருகியிருந்த பென்சிலோடு கலத்துக்குள் தலையை விட்டான் என்பதற்காக, முழு எடையையும் மறுபடி போட வைத்தவள் அவள். அவள் வருவது தெரிந்தால் ஆட்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் 'தராசு' என்று பெயர்.

அந்த இலையுதிர் காலத்தில் போன கலத்தில் மனிதர்கள் இல்லை. ஒரு பொம்மையை உட்கார வைத்து அனுப்பினார்கள். வானத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போதுதான் கூத்து. கலம் சாய வேண்டிய அளவு சாயவில்லை. தாங்கல் போதவில்லை என்று கட்டுப்பாட்டுக் கருவி அதை இடமும் வலமுமாகப் புரட்டிப் பார்த்தது, பக்கவாட்டில் ஊதுவதற்கு வைத்திருந்த எரிபொருள் முழுவதையும் ஊதித் தீர்த்தது, கடைசியில் கையை விரித்துவிட்டது. கலம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே, இறங்க வேண்டிய இடத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே கஜாக் புல்வெளியில் போய்ப் பொத்தென்று விழுந்தது. மனிதன் உட்கார்ந்திருந்தால் விலா எலும்பு மிஞ்சியிருக்காது என்று பொம்மைக்குள் இருந்த கருவி சொன்னது.

தலைமைப் பொறியாளர் எர்மொலாய் சாவிச்சுக்கு விசாரணை எல்லாம் தேவைப்படவில்லை. சாயவில்லை என்றால் பாரம் தப்பான இடத்தில் இருக்கிறது. பாரம் தப்பென்றால் ரிம்மா தப்பு. கூட்டம் தொடங்கி, தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டார். விசாரணைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர் என்பதால் வசதியாகப் போயிற்று.

ரிம்மாவுக்கு மானம் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீடு. அவள் அப்போது ஒரே சமையலறையை மூன்று குடும்பங்களோடு பகிர்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் நான்கு எரிவாய், அதில் ஒன்றுக்குத் திருகு இல்லை. கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைக்கக் காத்திருந்தே பாதி வயசு போய்விட்டது. தனி வீட்டுக்கான வரிசையில் பேர் எழுதி, நகர்ந்து நகர்ந்து இப்போதுதான் முதல் இடத்துக்கு வந்திருந்தாள். வரிசையைக் கையில் வைத்திருந்த தொழிற்சங்கத் தலைவி அக்லாயா தீமோஃபெயெவ்னா அன்று மாலையே அவளை நடைக்கூடத்தில் நிறுத்தி, குழந்தைக்கு மருந்து கொடுப்பவள் போன்ற குரலில், குழு குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டால் பெயர் வரிசையிலிருந்து எடுபடும், அது விதி, தன் கையில் ஒன்றும் இல்லை என்றாள்.

குழு விமானத்தில் போய், அங்கிருந்து ஹெலிகாப்டரில் புல்வெளிக்குப் போனது. தலைவர் எர்மொலாய் சாவிச். கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கணக்கு எழுதிய வெனியாமின். சங்கத்தின் சார்பில் அக்லாயா. இன்னும் சில பட்டறைத் தலைவர்கள். பலிகடாவாக ரிம்மா.

கலத்தைத் தேடிக் கண்டுபிடித்த தொலெகென் என்ற கஜாக் மனிதர், அது சாய்ந்து கிடந்த இடத்திலேயே காவல் காத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குப் பால் தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவுருண்டையும் கொடுத்தார். கசப்புப் புல்லின் வாசனையோடு காற்று வீசிக்கொண்டே இருந்தது. ரிம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கலத்தைத் தூக்கித் தொங்கவிடச் சொன்னாள். தொங்கும் பொருள் பொய் சொல்லாது. பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும்.

தொலெகெனின் பாரந்தூக்கி வண்டி கலத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கியது. கலம் ஆடியது, நின்றது. ரிம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். அவள் கணக்குப்படி அது நன்றாகச் சாய்ந்து தொங்க வேண்டும். அது கிட்டத்தட்ட நேராகத் தொங்கியது, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

"பாத்தீங்களா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளைக்குக் காலையில முறைப்படி எடை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கலாம்," என்றார் எர்மொலாய் சாவிச்.

அப்படிச் சொன்னவர் முகத்தில் வெற்றிக் களை இருந்திருக்க வேண்டும். இல்லை. யார் முகத்திலும் இல்லை. எல்லோரும் தொங்கும் கலத்தைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். விண்வெளிக்குப் போய்வந்த பொருள் என்றால் அந்த ஊரில் தனி மவுசு. சாதாரணக் கைக்கடிகாரம் மேலே போய்த் திரும்பினால் பரம்பரைச் சொத்து. ஆகவே ஒவ்வொரு கலத்திலும் யாராவது ஏதாவது ஒளித்து அனுப்புவார்கள். ரிம்மா எடையை முடித்து வெளியேறிய பிறகு, 'கடைசிச் சரிபார்ப்பு' என்று ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். தான் ஒருவன்தான் இதைச் செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் மனதார நம்பினார்கள்.

விவரம் தெரியாதவர்கள் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கிடைத்த சந்திலெல்லாம் செருகியிருப்பார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சமமாகிப் போயிருக்கும். ஆனால் இவர்கள் படித்தவர்கள், பொறுப்பானவர்கள். ஒவ்வொருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பாரமான பக்கத்தில் வைத்தால் சாய்மானம் கூடும், கலம் எகிறிக் குதிக்கும், அது ஆபத்து. லேசான இடது பக்கத்தில் வைத்தால் சாய்மானம் ஒரு மயிரிழை குறையும், கொஞ்சம் முன்னாலேயே இறங்கும், அவ்வளவுதான். ஆகவே பத்திரமான பக்கம் இடது பக்கம். எத்தனை நல்ல மனசு பாருங்கள்! அத்தனை பேரும் பத்திரமாக யோசித்து, பத்திரமான அதே பக்கத்தில், அதே உறைத்தகட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினார்கள். ஒரு கொழுத்த ஆட்டின் எடை சேர்ந்துவிட்டது.

இது எதுவும் ரிம்மாவுக்கு அப்போது தெரியாது. அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தன் கணக்கை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தாள். கலத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். முதலில் வெனியாமின், கருவியின் கம்பிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போனான். அவன் வெளியே வந்ததும் பட்டறைத் தலைவர் ஒருவர், பற்றவைப்பைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு இன்னொருவர். எர்மொலாய் சாவிச்சும் ஒருமுறை போய்வந்தார். கைப்பந்துக்கும் விண்கலத்துக்கும் வித்தியாசம் தெரியாத அக்லாயாகூட, தொழிலாளர் பாதுகாப்பு நோக்கில் பார்வையிட வேண்டும் என்று குனிந்து உள்ளே புகுந்தாள். மெல்லியவளாகப் போனவள் கர்ப்பிணியாக வந்தாள்.

தொலெகென் தேநீர்க் கிண்ணத்தோடு ரிம்மாவிடம் வந்தார். "அக்கா, உங்க ஆளுங்க கட்சிக்காரங்கதானே? சாமி கும்பிட மாட்டாங்கதானே?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, ஒவ்வொருத்தரா உள்ள போறாங்க, கதவைச் சாத்திக்கிறாங்க, கொஞ்ச நேரம் முனகல் சத்தம் கேக்குது, நிம்மதியா வெளிய வர்றாங்க. அதான் கேட்டேன்."

ரிம்மாவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வீடு போய்விட்டது என்பதைத் தவிர வேறொன்றும் அவள் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை குழு மொத்தமும் வரிசையாக நிற்க, கலத்தைத் தூக்கினார்கள். அது ஆடியது, நின்றது. நன்றாகச் சாய்ந்து நின்றது.

இரவு முழுக்கக் காவலில் கிடந்த இரும்புச் சாமான், ஒரே நாளில் தன் பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. இதை எந்த இயற்பியலில் எழுதுவது? ரிம்மா கலத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி மனிதர்களைப் பார்த்தாள். குளிர் அவ்வளவு இல்லாத காலையில் எல்லோரும் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்கள். அக்லாயாவின் வயிற்றில் இருந்த பளிங்குப் பீடமுள்ள கைப்பந்துக் கோப்பை, பொத்தான்களுக்கு நடுவே ஒரு கைப்பிடியை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெனியாமினின் பையில் ஏழெட்டுக் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் டிக் டிக் என்றன.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கோபத்தில் காது சுட்டது. முதல் நாள் ராத்திரி படுக்கையில் தன் மூளையைத்தானே அவள் சந்தேகப்பட்டாள்! ஆனாலும் தராசு தராசுதான். சாய்மானம் இன்னும் கொஞ்சம் குறைகிறது என்பதையும் கண் பிடித்துவிட்டது.

"எர்மொலாய் சாவிச், நேத்து கலம் பொய் சொல்லுச்சு. இன்னைக்கு முக்கால்வாசி உண்மை சொல்லுது. மிச்சம் கால்வாசி யாரோடது?" என்று கேட்டாள்.

அவர் இயற்கையின் விசித்திரங்களைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அவள் காது கொடுக்கவில்லை. தொலெகெனிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்கள் செருகியதோடு விட்டிருந்தார்கள். இவர் தலைமைப் பொறியாளர் அல்லவா, உறைத்தகட்டின் பின்னால் முறையாகப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். கையில் ஸ்பேனர் இல்லாததால்தான் முதல் நாள் உள்ளே போயும் வெறும் கையோடு திரும்ப வேண்டியிருந்தது. ரிம்மா கழற்றி எடுத்துவந்து புல்மேல் வைத்தாள். பச்சைக் கல்லில் செதுக்கிய மேசை மைக்கூடு. அம்மிக்கல் கனம். முகப்பில் பொன்னெழுத்தில், விண்வெளி சென்று வெற்றிகரமாக இறங்கிய நினைவாக என்று ஒரு மந்திரியின் பெயரோடு பொறித்திருந்தது. கலம் புறப்படுவதற்கு முன்பே வெற்றியைப் பொறித்தாகிவிட்டது.

"அடடா, என்ன வேலைப்பாடு," என்றாள் அக்லாயா, வாய் தவறி.

அதன் பிறகு அந்தக் குழு புல்வெளியில் நடத்திய கூட்டம் மாதிரி ஒற்றுமையான கூட்டம் அந்த அலுவலகச் சரித்திரத்திலேயே நடந்ததில்லை. ரிம்மா மேல் பழி போட முடியாது. அவள் கணக்கு சரி என்று கலமே தொங்கிக் காட்டிவிட்டது. உண்மையை எழுதவும் முடியாது. எழுதினால் மந்திரி பெயரை எழுத வேண்டும். வெனியாமின் தன் கருவி மேல் பழி வருமோ என்று நடுங்கினான். யாரோ ஒருவர் மேல் போட்டே ஆக வேண்டும். அந்த நேரத்தில் புல்வெளிக் காற்று ஒரு வீச்சு வீசி அக்லாயாவின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தொப்பியைத் துரத்திப் பிடித்து வந்தவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். காற்றின் மேல் போடலாமே என்றாள்.

எல்லோருக்கும் உயிர் வந்தது. காற்று கட்சியில் இல்லை. சங்கத்தில் சந்தா கட்டவில்லை. மேல்முறையீடு செய்யாது. அன்றைக்கு மேலே காற்று எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாக இருந்தது, அதனால் கலம் சீக்கிரமே வேகம் குறைந்து முன்னால் விழுந்தது. இப்படி எழுதினால் விழுந்த இடம்கூடப் பொருந்துகிறது! எர்மொலாய் சாவிச் அதை நின்றபடியே சொல்ல, வெனியாமின் எழுதினான்.

ரிம்மா மட்டும் கையெழுத்துப் போடாமல் நின்றாள். அக்லாயா அவள் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போனாள்.

"ஜன்னல் தெற்குப் பக்கம் பாத்திருக்கு, ரிம்மா. சமையலறை உனக்கே உனக்கு. மாடத்துல தக்காளிகூட வைக்கலாம். கையெழுத்துப் போடு, அடுத்த வாரம் சாவி."

போட்டாள். அவளைப் பற்றி உயர்வாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் போட்டாள். திருகில்லாத அடுப்புதான் கண்முன் நின்றது.

புது வீட்டில் முதல் வாரம் அவள் தேவையே இல்லாமல் தண்ணீர் கொதிக்க வைத்தாள். யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் பாத்திரத்தை நகர்த்தச் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கெட்டிக் காற்றை மறந்தும் போனாள். நினைவுபடுத்தியவன் வெனியாமின். அடுத்த கலத்துக்கான கணக்கைக் காட்ட அவள் மேசைக்கு வந்தான். அதில் பொம்மை இல்லை. இரண்டு பேர் போகிறார்கள்.

"காத்து கெட்டின்னு அறிக்கை மேல போயிடுச்சு. அதுக்கேத்த மாதிரி கருவியை மாத்தச் சொல்லி உத்தரவு. மாத்திட்டேன்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"காத்து கெட்டி இல்லையே, வேன்யா."

"தெரியும்."

"சரியான எடையோட, சாதாரணக் காத்துல, இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு வந்தா என்ன ஆகும்?"

அவன் கணக்குத் தாளைச் சுருட்டினான். அவளுக்கே தெரியும். இல்லாத கெட்டிக் காற்றை ஈடுகட்ட எட்டி வீசப்பட்ட கலம், புல்வெளியைத் தாண்டி, தேடுபவர்களைத் தாண்டி, எங்கோ மலைப்பாறையில் போய் விழும். அது விழுகிற வரை தாக்குப்பிடித்தால்.

நேரே எர்மொலாய் சாவிச்சின் அறைக்குப் போனாள். அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டும் என்றாள். அவர் பொறுமையாக விளக்கினார். கெட்டிக் காற்று இப்போது அவர்கள் கையில் இல்லை. இரண்டு கல்விக் கழகங்கள் அதை ஆராயத் தொடங்கிவிட்டன. ஒருவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுகிறார். வசந்த காலத்தில் மாநாடு இருக்கிறது. திரும்ப வாங்கினால் கையெழுத்துப் போட்ட எல்லோரும் போக வேண்டியதுதான். வீட்டுச் சாவியையும் அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம்.

ரிம்மா சாவியைப் பையிலிருந்து எடுத்தே விட்டாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, அதை மேசைமேல் வைக்க மட்டும் முடியவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பிலிருந்துதான் வழியும் பிறந்தது. காற்றைக் கெட்டியாக்க முடியாது. கலத்தைக் கெடுக்க முடியும்.

இடது பக்கத்தில் ஓர் ஈயக்கட்டியை வைத்தால் முடிந்தது, போன தடவை போலவே சாய்மானம் குறைந்து, கூடுதலாகப் போகிற தூரம் கழிந்துவிடும். ஆனால் ஈயக்கட்டியை வைக்க வரைபடம் திருத்த வேண்டும், காரணம் எழுத வேண்டும், பல துறைகளின் முத்திரை வேண்டும். திருட்டுச் சாமானுக்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

"எல்லாரும் போன தடவை வெச்சதைத் திரும்பக் கொண்டாங்க. அதே எடை, அதே இடம். ஒரு கடிகாரம் குறைஞ்சாலும் நான் விட மாட்டேன்," என்றாள் ரிம்மா, கையெழுத்துப் போட்ட எல்லோரையும் கூட்டி வைத்து.

ஆயுளில் முதல் தடவையாக அந்த அலுவலகம் கடத்தல் சாமானை முறையாக எடை போட்டது. பட்டறைத் தலைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போன தடவை ஒளித்து அனுப்பிய நாணயப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார்கள். வெனியாமின் கடிகாரங்களைக் கொடுத்தான். கோப்பையைக் கைப்பந்துக் குழு குளிர்காலப் போட்டியில் தோற்றுவிட்டது. அக்லாயா எதிரணியிடம் போய்க் கெஞ்சி வாங்கிவர வேண்டியிருந்தது. மந்திரியின் மைக்கூடு மந்திரியிடம் போய்விட்டதே என்றார் எர்மொலாய் சாவிச். இன்னொரு மந்திரி இல்லாமலா போய்விட்டார் என்று கேட்டாள் ரிம்மா. ஒரு வாரத்தில் இரண்டாவது மைக்கூடு வந்தது. எல்லாவற்றையும் அவளே உள்ளே படுத்து, அளந்து, போல்ட் போட்டு, உறைத்தகட்டை மூடினாள். மூடியபோது தகடு லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

கலம் இறங்கும் நாளில் அவள் புல்வெளியில் தொலெகெனின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு மனிதர்களின் உயிரை ஒரு கைப்பந்துக் கோப்பையை நம்பி விட்டிருக்கிறாள். மேலே குடை விரிந்ததைப் பார்த்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். குறித்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கலம் இறங்கியது.

ஆளாளுக்கு எர்மொலாய் சாவிச்சைக் கட்டிக்கொண்டார்கள். கெட்டிக் காற்றுக் கொள்கை நிரூபணமாகிவிட்டது என்று வானொலிக்காரரிடம் அவர் பேசினார். வெளியே தூக்கி உட்கார வைக்கப்பட்ட கலத்தின் தளபதி கிளிம், வெளுத்த முகத்தோடு ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டே ரிம்மாவைக் கூப்பிட்டான்.

"ரிம்மா இக்னாத்யெவ்னா, இடது பக்கத் தகட்டுல ஒரு புடைப்பு. வழி முழுக்க என் முழங்கையை இடிச்சுக்கிட்டே வந்துச்சு. அடுத்த தடவை எடுத்துடுங்களேன்."

"முடியாதுப்பா," என்றாள் ரிம்மா. "காத்து கெட்டின்னு நாங்க கையெழுத்துப் போட்டிருக்கோம்."

அவன் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் எர்மொலாய் சாவிச், தொலெகெனிடம் மெதுவான குரலில் ஸ்பேனர் கேட்டுக்கொண்டிருந்தார்.